வயர் அலாரம்ல மோஷன் சென்சார் மக்கர் பண்ணுதா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

தனி வீட்டுக்கு வயர் இழுத்து அலாரம் போட்டவங்ககிட்ட இருந்து வர்ற போன் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் ஆரம்பிக்கும், "சென்சார் போச்சு, புதுசு என்ன விலை?" போய்ப் பாத்தா பெரும்பாலும் சென்சார் நல்லா தான் இருக்கும். கரண்ட் சரியா வராது, இல்ல ஜாயின்ட் அரிச்சுப் போயிருக்கும், இல்ல அது பாக்கக் கூடாத எதையோ பாத்துட்டு இருக்கும். அதனால காசைக் குடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே என்னென்ன பாக்கலாம்னு, ஆளுங்க கேட்ட கேள்வியை அவங்க கேட்ட மாதிரியே போட்டு எழுதிருக்கேன். இது வயர் சிஸ்டத்துக்கு மட்டும். வயர்லெஸ் சென்சார் கதை வேற.

மோஷன் சென்சார் உள்ள கேமரா மாதிரி ஏதாவது இருக்கா? ஆள் வந்துருக்கான்னு அதுக்கு எப்படித் தெரியுது?

கேமரா எல்லாம் இல்ல. வீடுகள்ல இருக்குறது முக்கால்வாசி பி.ஐ.ஆர் தான், அது எதையும் வெளிய அனுப்பாது, வர்ற வெப்பத்தை மட்டும் வாங்கிக்கும். நம்ம உடம்புல இருந்து அகச்சிவப்புக் கதிர் வெளிய போயிட்டே இருக்கு, அதோட உச்சம் சுமார் 9, 10 மைக்ரான் அலைநீளத்துல இருக்கும், அந்த ரேஞ்சுக்குத் தான் உள்ள இருக்குற சின்ன பைரோ சென்சாரை டியூன் பண்ணிருக்காங்க. அதுல ரெண்டு துண்டு பக்கத்துப் பக்கத்துல இருக்கும், ரெண்டும் ஒரே அளவு வெப்பத்தைப் பாத்தா ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும், ஒண்ணு முதல்ல பாத்து இன்னொண்ணு அப்புறம் பாத்தா தான் சிக்னல் வரும்.

முன்னாடி இருக்குற வெள்ளை பிளாஸ்டிக் வெறும் மூடி இல்ல, அது ஃப்ரெனல் லென்ஸ், ரூமை விசிறி மாதிரி பல பட்டையா பிரிச்சுக் காட்டும். ஆள் ஒரு பட்டையில இருந்து அடுத்த பட்டைக்குப் போகும்போது தான் அது முழிச்சுக்கும். அதனால குறுக்க நடந்தா டக்குன்னு பிடிக்கும், நேரா சென்சாரைப் பாத்து நடந்து வந்தா லேட்டா தான் பிடிக்கும். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கீழ பாதிப் பதிலுக்கு இது தான் அடிப்படை.

சென்சாருக்கு நாலு வயரு, சிலதுக்கு ஆறு வயரு போகுதே, எது எதுக்கு?

ரெண்டு வயர் கரண்டுக்கு, பிளஸ் மைனஸ், பேனல்ல (எல்லா வயரும் வந்து சேர்ற கன்ட்ரோல் பெட்டி) ஆக்ஸ்னு போட்டுருக்குற இடத்துல இருந்து வரும், 12 வோல்ட் டி.சி. அடுத்த ரெண்டு அலாரம் ரிலேக்கு, அதாவது சென்சாருக்குள்ள இருக்குற குட்டி சுவிட்சுக்கு, போர்டுல என்.சி, சி-ன்னு இருக்கும், சும்மா இருக்கும்போது மூடி இருக்கும், ஆளைப் பாத்தா தொறக்கும். மிச்சம் ரெண்டு டேம்பர், சென்சாரோட மூடியை யாராவது கழட்டினா சொல்றதுக்கு. நாலு வயர் மட்டும் போட்டுருந்தா டேம்பரை கனெக்ட் பண்ணாம விட்டுருப்பாங்க, இல்ல ரெசிஸ்டர் போட்டு அலாரம் லைனோடயே சேத்துருப்பாங்க.

இதுல ஒரு விஷயம் முக்கியம். பெரும்பாலான பி.ஐ.ஆர்ல கரண்ட் இருக்குற வரைக்கும் தான் ரிலே மூடி இருக்கும், கரண்ட் போனா தானா தொறந்துக்கும். திருடன் வயரை வெட்டினாலும் தெரியணும்னு அப்படி வச்சுருக்காங்க. ஆனா இதனாலயே கரண்ட் பிரச்சினை எல்லாம் பேனல்ல "ஆள் நடமாட்டம்" மாதிரியே தெரியும்.

மூடியைத் தொறந்தாலே சைரன் கத்துது சார், தெருவே எந்திரிச்சிருச்சு. முதல்ல எதை ஆஃப் பண்ணனும்?

டிஸ்ஆர்ம் பண்ணா, அதாவது கீபேட்ல அலாரத்தை அணைச்சா மட்டும் பத்தாது, டேம்பர் 24 மணி நேரமும் முழிச்சுட்டு தான் இருக்கும். பேனலை இன்ஸ்டாலர் மோடுலயோ டெஸ்ட் மோடுலயோ போட்டுட்டு அப்புறம் தொறங்க. மானிட்டரிங் சென்டர் கனெக்ஷன் இருந்தா அவங்களுக்கு ஒரு போன் அடிச்சு டெஸ்ட்ல போடச் சொல்லிடுங்க. வயர் கழட்டுற வேலைன்னா பேனலோட மெயின்ஸ் சுவிட்சை ஆஃப் பண்ணி உள்ள இருக்குற பேட்டரி லீடையும் கழட்டிடணும், அப்பவும் வெளிய இருக்குற சைரன் பாக்ஸ்ல தனி பேட்டரி இருந்தா அது கத்தும், அதுக்கும் மேனுவல்ல வழி போட்டுருப்பாங்க.

பேனல் பெட்டிக்குள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு 230 வோல்ட் வருது, அந்தப் பக்கம் கை வைக்க வேணாம். மிச்சதெல்லாம் 12 வோல்ட், ஷாக் அடிக்காது, ஆனா ஆக்ஸ் பிளஸ்ஸும் மைனஸும் முட்டிச்சுன்னா ஃபியூஸ் போகும்.

மல்டிமீட்டர் இல்லாம பாக்க முடியாதா?

முடியாது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும், எந்த எலெக்ட்ரிகல் கடையிலயும் கிடைக்கும். டி.சி வோல்ட், ஓம்ஸ் ரெண்டும் அளக்கத் தெரிஞ்சா போதும்.

ஒரு சென்சார்ல மட்டும் லைட்டே எரிய மாட்டேங்குது. செத்துப் போச்சா?

லைட் எரியலன்னா செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. போர்டுல எல்.ஈ.டி-ன்னு ஒரு ஜம்பர் (ரெண்டு பின்னை இணைக்குற குட்டி மூடி) இருக்கும், இன்ஸ்டால் பண்ணி முடிச்சதும் வேணும்னே அதை எடுத்துவிடுவாங்க, லைட் எரிஞ்சா எது வரைக்கும் பிடிக்குதுன்னு வெளியாள் கண்டுபிடிச்சுடுவான்ல. முதல்ல ஜம்பரைப் போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, கரண்ட் குடுத்த உடனே வேலை செய்யாது, மாடலைப் பொறுத்து அரை நிமிஷத்துல இருந்து ரெண்டு நிமிஷம் வரைக்கும் தன்னைத் தானே செட் பண்ணிக்கும், அது வரைக்கும் பொறுமையா இருங்க.

அதுக்கப்புறமும் எரியலன்னா பிளஸ் மைனஸ் நடுவுல வோல்ட் அளங்க, வயரைக் கழட்டாம, சென்சார் ஓடிட்டு இருக்கும்போதே. ஏன்னா கழட்டிட்டு அளந்தா அரிச்சுப்போன ஜாயின்ட் கூட 13 வோல்ட் காட்டி ஏமாத்தும், சென்சாரை மாட்டின உடனே 7, 8-க்கு விழுந்துடும். மாட்டின நிலையிலயே 12-லிருந்து 13.8 வரைக்கும் இருந்து, ஜம்பரும் இருந்து, கை ஆட்டினாலும் ஒண்ணுமே இல்லன்னா அப்ப சென்சார் மேல சந்தேகப்படலாம். ஒண்ணுமே வரலன்னா வயர், பேனல் ஃபியூஸ். மைனஸ் போட்டு காட்டினா பிளஸ் மைனஸை மாத்திக் கொடுத்துருக்காங்க, ரிவர்ஸ் புரொடெக்ஷன் இருக்குற சென்சார்னா சரியா மாட்டினதும் பிழைச்சுக்கும்.

கீபேட்ல ஹால் சோன் எப்பவுமே ஓப்பன்னே காட்டுது, ஆர்ம் பண்ணவே விடல. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பேனல்ல இருந்து ஆரம்பிங்க, சென்சார்ல இருந்து இல்ல. எல்லாரும் ஏணியைப் போட்டு முதல்ல சென்சாரைக் கழட்டுறாங்க, அது தலைகீழ் வேலை. பேனல்ல அந்த சோனோட (சோன்னா அந்த ரூம் சென்சாருக்குன்னு பேனல்ல இருக்குற தனி லைன்) ரெண்டு வயரையும் கழட்டிட்டு அந்த இடத்துல பேனலுக்கு உண்டான ரெசிஸ்டரை நேரா மாட்டுங்க (ரெசிஸ்டர் பத்தி அடுத்த கேள்வியில இருக்கு). இப்ப சோன் மூடிடுச்சுன்னா பேனல் நல்லா இருக்கு, தப்பு வெளிய தான். மூடலன்னா பேனல் இன்புட் போயிருக்கு, இல்ல புரோகிராம்ல சோன் டைப் மாறியிருக்கு, இடி விழுந்த மழைக்கு அப்புறம் முதல்ல சொன்னது நடக்கும்.

பேனல் ஓகேன்னா, சென்சாருக்குக் கரண்ட் போயிட்டு இருக்கும்போதே, கழட்டின வயர் ரெண்டுலயும் ஓம்ஸ் அளங்க. ரெசிஸ்டர் மதிப்பு வரணும். ஒண்ணுமே காட்டாம ஓப்பனா இருந்தா இப்ப சென்சாருக்குப் போங்க, முன்ன சொன்ன மாதிரி வோல்ட் பாருங்க, கரண்ட் இல்லாமலே ரிலே தொறந்து கிடக்கலாம். வோல்ட் சரியா இருந்தா என்.சி-யையும் சி-யையும் கழட்டி, ரூம்ல யாரும் அசையாம நின்னு, அந்த ரெண்டு முனைக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. கிட்டத்தட்ட சைபர் வரணும், சில மாடல்ல உள்ளயே சின்ன ரெசிஸ்டர் இருக்குறதால 10 ஓம் மாதிரி வரும், அது தப்பில்ல. சைபர் வந்துச்சுன்னா சென்சார் நல்லவன், நடுவுல வயர் அறுந்துருக்கு. ஃபால்ஸ் சீலிங் இருக்குற வீடா இருந்தா எலியைத் தேடுங்க.

ரெசிஸ்டர் ரெசிஸ்டர்னு சொல்றீங்களே, அது எதுக்கு? எங்க வீட்டுல அது பேனல் பெட்டிக்குள்ளயே இருக்கு

அதுக்குப் பேரு எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர், சுருக்கமா ஈ.ஓ.எல். லைனோட கடைசியில, அதாவது சென்சாருக்குள்ள இருக்கணும். பேனல் அந்த மதிப்பைத் தேடிட்டே இருக்கும், அது தெரிஞ்சா எல்லாம் நலம், தெரியலன்னா ஏதோ ஆயிடுச்சு. மதிப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டி.எஸ்.சி பேனலுக்கு 5.6 கிலோ ஓம் (பச்சை, நீலம், சிவப்பு), ஹனிவெல் விஸ்டாவுக்கு 2 கிலோ (சிவப்பு, கருப்பு, சிவப்பு), பாரடாக்ஸுக்கு 1 கிலோ (பழுப்பு, கருப்பு, சிவப்பு). கையில இருக்குறதை மாட்டினா சோன் மூடாது.

வேலை சீக்கிரம் முடியணும்னு நிறைய பேரு ரெசிஸ்டரை பேனல் டெர்மினல்லயே முறுக்கி விட்டுட்டுப் போயிடுறாங்க. பாக்க எல்லாம் ஓடும். ஆனா நடுவுல வயர் நசுங்கி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிச்சுன்னா பேனலுக்கு இன்னும் ரெசிஸ்டர் தெரிஞ்சுட்டு தான் இருக்கும், சென்சார் ஆயிரம் தடவை தொறந்தாலும் பேனலுக்குத் தெரியாது. கீபேட்ல பச்சை லைட்டு எரியும், ஹால்ல யானையே நடந்தாலும் சத்தம் வராது. இதைப் பாத்தா உடனே ரெசிஸ்டரை சென்சாருக்குள்ள மாத்திடுங்க. டபுள் ஈ.ஓ.எல் போட்ட பேனல்னா ரெண்டு ரெசிஸ்டர் இருக்கும், டி.எஸ்.சி-ல சும்மா இருக்கும்போது 5.6, ஆளைப் பாத்தா 11.2 கிலோ, வயர் அறுந்தா டேம்பர்னு தனித்தனியா காட்டும், மீட்டர்ல படிக்கும்போது 11.2 வந்தா பதற வேணாம்.

அண்ணே, ராத்திரி 2 மணி 3 மணிக்கு ஆளே இல்லாம அடிக்குது. பேயா?

பேய் இல்லப்பா, பல்லி. நெஜமா. லென்ஸ் மேல நேரா ஊர்ற பல்லி சென்சார் கண்ணுக்கு மலை மாதிரி தெரியும், ஏன்னா கண்ணுக்கு ஒட்டி இருக்கு, எல்லாப் பட்டையையும் ஒரே வீச்சுல கடக்குது. சிலந்தியும் அப்படித் தான். நைட் லேம்ப் பக்கத்துல சென்சார் இருந்தா பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னாடி பல்லி வரும்.

அதை விட மோசம் எறும்பு. சென்சார் பெட்டிக்குள்ள எப்பவும் லேசா சூடா இருக்கும், அதுக்கு அது அரண்மனை. ஒரு தடவை மூடியைக் கழட்டின உடனே வெள்ளை முட்டையும் எறும்புமா போர்டு பூரா கொட்டுச்சு, ரிலேயைச் சுத்தி, பைரோ கண்ணாடி மேல எல்லாம் ஓடிட்டு இருக்கு, அந்த வீட்டுக்காரரு பல மாசமா வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டுட்டு இருந்தாரு. பிரஷ்ஷால தட்டி எடுத்துட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால பைரோ கண்ணாடியைத் துடைச்சு, வயர் உள்ள வர்ற ஓட்டையையும் தொறந்து கிடக்குற மத்த ஓட்டையையும் சிலிக்கானால அடைச்சுடுங்க. சுவத்து பைப்ல இருந்து வர்ற காத்தும் அதோட நிக்கும், அந்தக் காத்தும் பொய் அலாரத்துக்கு ஒரு காரணம் தான்.

பூச்சி இல்லன்னா சென்சார் எதைப் பாத்துட்டு இருக்குன்னு நின்னு பாருங்க. ஏ.சி காத்து நேரா அடிக்குதா, அந்தக் காத்துல ஆடுற திரைச்சீலை இருக்கா, ஃப்ரிட்ஜோட பின்பக்கம் தெரியுதா, பூஜை ரூம் விளக்கு தெரியுதா. பேனல்ல ஈவென்ட் லாக் இருக்கும், நேரத்தைக் குறிச்சு வச்சா பாதி துப்பு அதுலயே கிடைக்கும். தினமும் சாயங்காலம் 4, 5 மணிக்கு வந்தா மேற்குப் பக்க ஜன்னல் வெயில் தரையில விழுந்து மேகம் மறைச்சு மறைச்சு வர்றது. கண்ணாடிக்கு வெளிய போற ஆளை பி.ஐ.ஆர் பாக்காது, ஆனா கண்ணாடி வழியா வர்ற வெயில் உள்ள இருக்குற தரையைச் சூடாக்குறதைப் பாக்கும்.

அப்ப பல்லியை என்ன பண்றது?

பல்லியை ஒண்ணும் பண்ண முடியாது. நைட் லேம்பைத் தள்ளி வைங்க, ஒட்டடை அடிங்க. லென்ஸ் மேல ஸ்பிரே மட்டும் அடிக்காதீங்க, பூச்சி மருந்து படிஞ்சா லென்ஸ் மங்கிடும்.

மே மாசம் மத்தியானம் குறுக்க நடந்தாலும் பிடிக்க மாட்டேங்குது, ராத்திரி ஆனா கரெக்டா இருக்கு. இது என்ன வியாதி?

வியாதி சென்சாருக்கு இல்ல, ஊருக்கு. முதல் பதில்ல சொன்னேன்ல, அது பாக்குறது வெப்ப வித்தியாசத்தை. நம்ம தோலோட மேல்பரப்பு 32, 34 டிகிரி இருக்கும், அக்னி நட்சத்திரத்துல ஏ.சி போடாத மாடி ஹாலோட சுவரும் அதே சூட்டுக்கு வந்துடும், அப்ப சுவரும் நீங்களும் அதுக்கு ஒண்ணு தான். நல்ல சென்சார்ல டெம்பரேச்சர் காம்பன்சேஷன்னு ஒண்ணு இருக்கும், சூடு ஏற ஏற உள்ளுக்குள்ள சென்சிடிவிட்டியைத் தானே ஏத்திக்கும், விலை கம்மியானதுல அது பேருக்கு இருக்கும். மொட்டை மாடிக்குக் கீழ இருக்குற ரூமுக்கு வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்க.

மோட்டர் சுவிட்சைப் போட்டா அலாரம் அடிக்குது, எலெக்ட்ரீஷியன் சம்பந்தமே இல்லைங்கறாரு

சம்பந்தம் இருக்கு, பெரும்பாலும் அவரே தான் காரணம். வீடு கட்டும்போது தனி பைப் போட சோம்பல்பட்டு 230 வோல்ட் வயர் போற பைப்லயே அலாரம் கேபிளையும் சேத்து இழுத்துருப்பாங்க. சம்ப் மோட்டரோ போர் மோட்டரோ ஸ்டார்ட் ஆகும்போது ஒரு பெரிய இழுப்பு இழுக்கும், அந்த ஸ்பைக் பக்கத்துல ஓடுற அலாரம் வயர்ல ஏறும். மோட்டர் போடும்போது, மிக்ஸி போடும்போது, பழைய டியூப் லைட் மினுக்கும்போதுன்னு நேரம் ஒத்துப்போச்சுன்னா இது தான்.

சரியான வைத்தியம் தனி பைப், கரண்ட் வயர்ல இருந்து ஒரு அடியாவது தள்ளி. சுவத்தை உடைக்க முடியாதுன்னா ஷீல்டு கேபிள் மாத்தி இழுங்க, அந்த ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் பண்ணனும், ரெண்டு பக்கமும் பண்ணக் கூடாது. பேனலுக்கு ஒழுங்கா எர்த் வருதான்னும் பாருங்க.

கரண்ட் கட் ஆனா எல்லா சென்சாரும் ஒரே நேரத்துல அடிக்குது. எல்லாமே போயிடுச்சா?

எல்லாம் ஒண்ணா போகாது. ஒண்ணு மட்டும் தப்பு பண்ணா அந்த இடத்துல பிரச்சினை, எல்லாம் சேந்து பண்ணா பொதுவா இருக்குற இடத்துல பிரச்சினை, பொதுவா இருக்குறது பவர். கரண்ட் கட்டுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்ப பேட்டரி தான். பேனலுக்குள்ள 12 வோல்ட் 7 ஏ.ஹெச் சீல்டு பேட்டரி இருக்கும், சின்ன கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ல வர்ற அதே சைஸ். 3-லிருந்து 5 வருஷம் ஓடும்னு சொல்றது 25 டிகிரிக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு கிட்டத்தட்ட பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு, மாடிப்படிக்குக் கீழ காத்து வராத அலமாரியில பேனலை வச்சுட்டு 5 வருஷம் எதிர்பாக்கக் கூடாது.

டெஸ்ட் ரொம்ப சுலபம். மெயின்ஸை ஆஃப் பண்ணிட்டு ஆக்ஸ்ல மீட்டரை வைங்க. மெயின்ஸ் இருக்கும்போது 13.7, 13.8 காட்டினது ஆஃப் பண்ணதும் 12.5 பக்கம் வந்து நிக்கணும், அரை மணி நேரம் ஆனாலும் பெருசா இறங்கக் கூடாது. சரசரன்னு 11-க்குக் கீழ போச்சுன்னா பேட்டரியை மாத்துங்க, சென்சாரைத் தொட வேணாம். இன்வெர்ட்டர் இருக்குற வீட்டுல இன்வெர்ட்டர் மாறுற அந்த நொடிக்கு மட்டும் அடிக்கும், அதுக்கும் இதே பேட்டரி தான் காரணம், நல்ல பேட்டரின்னா அந்த நொடியை அது தாங்கிக்கும்.

சென்சார்கிட்ட 11.2 வோல்ட் தான் வருது, வயர் நீளம்னு சொல்றாங்க. உண்மையா?

முதல்ல 11.2-லயே பெரும்பாலான பி.ஐ.ஆர் ஓடும், 9-லிருந்து 16 வரைக்கும்னு போட்டுருப்பாங்க. ஆனா அது நல்ல அறிகுறி இல்ல, கரண்ட் கட்டானா இன்னும் இறங்கும். நீளம்னு சொல்றதைக் கணக்குப் போட்டுப் பாப்போம். சாதாரண 0.22 சதுர மி.மீ செம்பு அலாரம் கேபிள் மீட்டருக்கு சுமார் 0.08 ஓம், 30 மீட்டர் போயிட்டு வர 60 மீட்டர், ஆக 5 ஓம். ஒரு பி.ஐ.ஆர் 15 மில்லி ஆம்ப் இழுக்கும், அந்த லைன்ல நாலு சென்சார் இருந்தாலும் 60 மில்லி, விழுறது 0.3 வோல்ட். வீடு எவ்ளோ பெருசா இருந்தாலும் நீளத்தால 2 வோல்ட் போறது கஷ்டம்.

அப்ப எங்க போகுது? ஜாயின்ட்ல. வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டுருப்பாங்க, கடற்கரைப் பக்கம் வீடுன்னா டேப்பைப் பிரிச்சா உள்ள பச்சை பூத்து இருக்கும். வெட்டிட்டு புதுசா சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, இல்ல டெலிபோன்காரங்க போடுற ஜெல் கனெக்டர் போடுங்க. இன்னொரு திருடன் அலுமினியத்து மேல செம்பு பூசின கேபிள், விலை கம்மின்னு வாங்கினது, ரெசிஸ்டன்ஸும் ஜாஸ்தி, ஸ்க்ரூ முறுக்கின இடத்துல ஒடிஞ்சும் போகும். பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அதே தான்.

சென்சார்ல சிவப்பு லைட் எரியுது, ஆனா பேனலுக்கு ஒண்ணும் தெரியல. இது எப்படி?

இது தான் ரொம்ப ஆபத்தான பழுது, ஏன்னா யாரும் கவனிக்கவே மாட்டாங்க. லைட் எரியுதுன்னா சென்சார் பாத்துடுச்சு, அது சொன்னது பேனலுக்குப் போய்ச் சேரல. முதல்ல கீபேட்ல அந்த சோன் பைபாஸ்ல (பேனல் அதைக் கண்டுக்காம விடுற நிலை) இருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, நிறைய இடத்துல அது தான். அடுத்து ரெசிஸ்டர் பதில்ல சொன்ன ஷார்ட். மூணாவது ரிலே ஒட்டிப்போறது, இடிச் சத்தத்தோட வந்த சர்ஜ்ல சின்ன ரிலே கான்டாக்ட் உருகி ஒட்டிக்கும், லைட் மட்டும் ஜம்முன்னு எரியும். என்.சி, சி ரெண்டையும் கழட்டி ஓம்ஸ்ல வச்சுட்டு கையை ஆட்டுங்க, லைட் எரியும்போது மீட்டர் ஓப்பன் காட்டலன்னா அந்த சென்சார் குப்பைக்கு.

பொங்கலுக்கு பெயின்ட் அடிச்சோம், அதுல இருந்து சரியில்ல

லென்ஸ் மேல பெயின்ட் தெளிச்சுருக்கும், இல்ல பட்டி தேய்ச்ச தூசி உள்ள போயிருக்கும், இல்ல பெயின்டர் கழட்டி மாட்டும்போது கோணலா மாட்டிருப்பாரு. ஈரத் துணியால மெதுவா துடைங்க, தின்னர் போட்டா லென்ஸ் காலி. லென்ஸைக் கழட்டினா வழவழப்பான பக்கம் வெளிய, வரி வரியா இருக்குற பக்கம் உள்ள, மேல் கீழ் மாறக் கூடாது. பெயின்ட் காஞ்சு ஒட்டிட்டா சுரண்டாதீங்க, லென்ஸ் மட்டும் தனியா கிடைச்சா மாத்துங்க.

நாய் வளக்குறோம், பெட் இம்யூன்னு சொல்லித் தான் குடுத்தாங்க, ஆனா அடிக்குது

பெட் இம்யூன்னா நாயை அடையாளம் தெரியும்னு இல்ல. கீழ்ப்பட்டைகளை லென்ஸ்ல மாத்தி அமைச்சு, 15 கிலோ, 25 கிலோன்னு ஒரு அளவு வரைக்கும் தரையில நடக்குறதை விட்டுடும், அவ்ளோ தான். நாய் சோபா மேல ஏறிச்சுன்னா, மாடிப்படி ஏறிச்சுன்னா, அது மேல் பட்டைக்கு வந்துடும். சென்சாரை மேனுவல்ல சொன்ன உயரத்துல, பொதுவா 7-லிருந்து 8 அடிக்குள்ள, சாய்க்காம நேரா மாட்டணும், கீழ பாக்க சாய்ச்சா பெட் இம்யூன் போச்சு. பூனை வீட்டுக்கு இதை நம்பாதீங்க, பூனை ஏறாத இடம் எது.

சென்சிடிவிட்டியைக் குறைச்சுட்டா எல்லாம் சரியாயிடும்ல?

சரியான மாதிரி தெரியும். பல்ஸ் கவுன்ட்னு ஒரு ஜம்பர் இருக்கும், 1-ல இருந்து 2-க்கோ 3-க்கோ மாத்தினா அத்தனை பட்டையைக் கடந்தா தான் அடிக்கும். திரைச்சீலை ஆட்டத்துக்கு இது உதவும். ஆனா வோல்ட் பிரச்சினைக்கும் எறும்புக்கும் இது ஒண்ணுமே பண்ணாது, நெஜ ஆள் வரும்போது தான் மந்தமாகும், மே மாசத்துல இன்னும் மோசம். காரணம் தெரியாம இந்த ஜம்பர்ல கை வைக்காதீங்க.

ஒரே சோன்ல ரெண்டு சென்சாரை சீரிஸா போட்டுருக்காங்க. எது தப்பு பண்ணுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேனல்ல காலி சோன் இருந்தா பிரிச்சுப் போடுறது தான் நல்லது. முடியலன்னா ஒண்ணோட என்.சி, சி-யை ஒரு வயர்த் துண்டால தற்காலிகமா இணைச்சுட்டு சில நாள் விடுங்க, அலாரம் நின்னா அது தான், தொடர்ந்தா இன்னொண்ணு. அந்தச் சில நாள் அந்த ரூமுக்குக் காவல் இல்லைங்கறது ஞாபகம் இருக்கட்டும். சில மாடல்ல அலாரம் மெமரி இருக்கும், யாரு முதல்ல அடிச்சதோ அதோட லைட் எரிஞ்சுட்டே இருக்கும்.

டூயல் டெக் போட்டா பொய் அலாரமே வராதுன்னாங்க, மாத்திடலாமா?

குறையும், அறவே நிக்காது. அதுல பி.ஐ.ஆரோட ஒரு மைக்ரோவேவ் ரேடாரும் இருக்கும், ரெண்டும் சேந்து பாத்தா தான் அடிக்கும். ஏ.சி காத்து, வெயில், திரைச்சீலை மாதிரி தொந்தரவு இருக்குற ரூமுக்கு நல்ல சாய்ஸ். ஆனா மைக்ரோவேவ் கண்ணாடியையும் ப்ளைவுட் தடுப்பையும் தாண்டிப் பாக்கும், பி.வி.சி பைப்ல தண்ணி ஓடுறதைக் கூட அசைவுன்னு எடுத்துக்கும், ரேஞ்சைத் திருகி ரூமுக்குள்ள அடக்கி வைக்கணும். கரண்டும் சாதா பி.ஐ.ஆரை விடக் கூட இழுக்கும், எல்லாத்தையும் மாத்துறதுக்கு முன்னாடி ஆக்ஸ் எத்தனை மில்லி ஆம்ப் தாங்கும்னு பாத்துக்கோங்க. பச்சை பூத்த ஜாயின்ட்ல இதை மாட்டினா இதுவும் அடிக்கத் தான் செய்யும்.

அப்ப எப்ப தான் சார் சென்சாரை மாத்துறது? வேற கம்பெனி போடலாமா?

மாத்திப் போட்டுப் பாத்துட்டு. நல்லா வேலை செய்யுற ரூம்ல இருக்குற அதே மாடல் சென்சாரை இங்க மாட்டுங்க, இதை அங்க மாட்டுங்க, ரெசிஸ்டரை அந்தந்த வயர்லயே விட்டுடுங்க. சில நாள்ல தெரிஞ்சுடும், தப்பு சென்சாரோட போச்சுன்னா சென்சாரை மாத்துங்க, தப்பு அதே ரூம்லயே நின்னுச்சுன்னா வயர், இல்ல அந்த ரூம்ல இருக்குற ஏதோ ஒண்ணு. பத்து வருஷத்துக்கு மேல ஆன சென்சார், லென்ஸ் மஞ்சளாகி கெபாசிட்டர் உப்பிருந்தா டெஸ்ட்டே வேணாம், மாத்திடலாம்.

வேற கம்பெனி தாராளமா போடலாம், சாதாரண வயர் சென்சாருக்கு 12 வோல்ட்டும் ஒரு என்.சி ரிலேயும் இருந்தா எந்தப் பேனலோடயும் பேசும். ரெசிஸ்டர் மட்டும் பேனல் சொல்றது. பஸ் லைன்ல ஓடுற அட்ரசபிள் சென்சார்னா (ஒரே வயர்ல தனித்தனி நம்பரோட பேனல்கிட்ட பேசுறது) மட்டும் அதே கம்பெனி வேணும்.

எல்லாம் சரி பண்ணியாச்சு, நெஜமா சரியாச்சான்னு எப்படி டெஸ்ட் பண்றது?

பேனல்ல வாக் டெஸ்ட் மோடு போட்டு, சென்சார் எல்.ஈ.டி ஜம்பரையும் போட்டு வைங்க. சென்சாருக்குக் கீழ நின்னு கையை ஆட்டுறது டெஸ்ட் இல்ல. ரூமோட தூர மூலையில இருந்து சாதாரண வேகத்துல குறுக்க நடங்க, மூணு நாலு காலடிக்குள்ள லைட் எரியணும். அசையாம நின்னு லைட் அணைஞ்சதும் அடுத்த இடம். வாசப்படி, ஜன்னல் ஓரம், புதுசா வாங்கின பீரோவுக்குப் பின்னாடின்னு பாருங்க, பீரோவும் கண்ணாடி ஷோகேஸும் பின்னாடி இருக்குறதை முழுசா மறைச்சுடும். லைட் எரியுற ஒவ்வொரு தடவையும் கீபேட்லயும் சத்தம் வரணும், ஒருத்தரை அங்க நிக்க வைங்க. வெயில் நேரத்துல ஒரு தடவை, மெயின்ஸை ஆஃப் பண்ணி பேட்டரியில ஒரு தடவை.

முடிச்சதும் ஜம்பரை எடுத்துடுங்க, போட்ட பைபாஸைக் கழட்டுங்க, தற்காலிகமா இணைச்ச வயர்த் துண்டு சென்சாருக்குள்ளயே தங்கிடுச்சான்னு பாருங்க, வாக் டெஸ்ட்ல இருந்து வெளிய வந்து மானிட்டரிங்காரங்களுக்கும் திரும்ப ஆன் பண்ணச் சொல்லி போன் அடிச்சுடுங்க.